தாளில் வராத மஞ்சள்

இல்லை. இதிலும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இந்தத் தாளிலும் அது வரவில்லை.

தன் மனம் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல ஜலீலா திடுக்கிட்டாள். பிரின்டர் வெதுவெதுப்பாகத் தள்ளிவிட்ட தாள் கையில் இருந்தது. கெட்டுப்போன வேலையைப் பிடித்துக்கொண்டு ஆண்டவனைப் புகழ்கிறவளை என்னவென்று சொல்வது? அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. கணினித் திரை மட்டும் அவளுடைய மேசையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அங்கே அது இருந்தது. திரையில் இருந்தது, தாளில் இல்லை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டிய ஆராய்ச்சிப் பிரிவில், அளவுகளைப் படமாக வரைந்து கொடுப்பது ஜலீலாவின் வேலை. இந்தப் படம் பிறந்த குழந்தைகளின் வார்டுகளில் சுவரில் ஒட்டுவதற்கானது. குறுக்கே குழந்தையின் வயது. நெடுக்கே, கீழிருந்து மேலாக, தோலின் கருமை. இரத்தத்தில் பித்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை நிறம் சொல்லும். வெண்மையில் தொடங்கி, வெளிர்மஞ்சளாகி, தேனாகி, செம்மஞ்சளாகிச் சிவப்பில் முடியும். வெளிர்மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். தேன்நிறம் வந்துவிட்டால் குழந்தையை உடனே விளக்கின் கீழ் கிடத்த வேண்டும்.

திரையில், மேல்பகுதியில், கறுத்த குழந்தைகளின் இடத்தில், தேன்நிறம் ஒரு மெல்லிய நாக்கு போல இடப்பக்கம் நீண்டிருந்தது. வெள்ளைக் குழந்தைகளுக்கு ஆபத்து வராத இளம் வயதுகளுக்குள் அது புகுந்திருந்தது. தாளிலோ அந்த நாக்கு வெளிர்மஞ்சளுக்குள் கரைந்து, இருந்த தடமே தெரியாமல் போயிருந்தது.

அந்தத் தேன்நிறத்தை அவளுக்குத் தெரியும். நிறங்களின் வரிசையில் அதற்கு ஓர் எண் உண்டு. எண்ணைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

"என்ன ஜலீலா, பிரின்டரோட குஸ்தி இன்னும் முடியலையா?"

கதவருகே சேஷாத்ரி. பிரிவின் புள்ளியியல்காரர், சென்னையிலிருந்து மாணவராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இந்தப் படத்துக்குப் பொறுப்பும் அவர்தான்.

"திரையில இருக்கிறது தாளில வருகுதில்லை. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்க, காட்டுறன்."

"கதிரை! முதல் தடவை நீங்க இதைச் சொன்னப்போ, எங்கியோ நெல்லு அறுக்கக் கூப்பிடறீங்கன்னு நினைச்சேன்."

"நாற்காலி எண்டா மட்டும் என்னவாம்? மாட்டுக்கும்தான் நாலு கால் இருக்கு."

சேஷாத்ரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்து தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? பட்டை பட்டையா, சுத்தமா. ஸ்கிரீன்ல பார்த்தா கேசரி கிண்டின மாதிரி இருக்கு."

"நிறங்கள் குறைஞ்சு போயிட்டு. செங்கமாரி கூடின இடம் ஒண்டைக் காணல."

"செங்கமாரியா? அது யாரு, உங்க ஊர் அம்மனா?"

"மஞ்சள் காமாலை. எங்கட பக்கம் அப்பிடித்தான் சொல்ற."

"அடடா, அம்மன் பேர்தான் பொருத்தமா இருக்கு." அவர் எழுந்தார். "ரொம்ப மெனக்கெடாதீங்க. முதல்ல எடுத்த ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பிட்டேன். திங்கக்கிழமை ப்ரூஃப் வந்துடும். அவங்க மெஷின்ல சரியா வரலாம்."

அவர் போன பிறகு ஜலீலா மறுபடியும் திரையைப் பார்த்தாள். விட்டுவிடலாம். பொறுப்பாளரே விடச் சொல்லிவிட்டார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அதற்குப் பழகிய வேலை அது.

முதலில் மையைச் சந்தேகித்தாள். புது மைப்பெட்டி மாட்டினாள். அதே படம் வந்தது. மாடியில் இருந்த இன்னொரு பிரின்டருக்கு அனுப்பினாள், அங்கேயும் அதே. இரண்டு இயந்திரங்கள் ஒரே பொய்யைச் சொல்லாது. அப்படியென்றால் பொய் கோப்புக்குள் இருக்கிறது. வெண்மையிலிருந்து சிவப்பு வரை ஒரு நீளப் பட்டை வரைந்து பார்த்தாள். திரையில் அது விடியற்கால வானம் போல எங்கே மாறியதென்று தெரியாமல் மாறியது. தாளில் படிக்கட்டாக வந்தது. படிகளை விரலால் தொட்டு எண்ணினாள். பதினாறு.

பதினாறு என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அச்சுக்குப் போகிற கோப்பைத் திறந்தால் உள்ளே வெறும் எழுத்துதான். முடிவில்லாமல் போகும் எழுத்துக் குவியல். படம் தொடங்குகிற வரியில் மூன்று எண்கள் இருந்தன. அகலம், உயரம், பிறகு ஒரு 4. ஒரு புள்ளியின் நிறத்தை எழுத நான்கு பிட் என்று பொருள். நான்கு பிட்டில் பதினாறு நிறங்களுக்கு மேல் எழுத முடியாது. வரைகிற மென்பொருள், திரைக்கு இருநூற்றைம்பத்தாறு நிறங்களையும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, தாளுக்கு என்று வரும்போது யாரும் சொல்லாவிட்டால் நான்கோடு நிறுத்திக்கொள்ளும். பிரின்டர்களுக்கு நினைவு குறைவாக இருந்த காலத்தில் யாரோ நல்ல எண்ணத்தோடு செய்த சிக்கனம். யாருடைய குற்றமும் இல்லை. பதினாறில் அடங்காத எதையும் அது பக்கத்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, நடந்ததைச் சொல்லாமல் இருந்துவிடும்.

எட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அவள் அந்த வரியை எழுதினாள். பார்த்தாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் அழித்துக்கொண்டு வந்தாள். கணினியை அணைத்துவிட்டுத் தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ரயிலில், வீடிருந்த நோபல் பார்க் வரை மேற்கு வெயில் சரிந்து விழுந்தது. எதிரே தூங்கிக்கொண்டு வந்தவர்களின் முகங்களெல்லாம் பொன்னாகின. ஜலீலா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் அதே நிறம்தான் இருந்தது.

ஹஸ்னா உருவமாக வருவதில்லை. இரவில் அழுகிற சத்தம் கேட்பதில்லை, தொட்டில் தானாக ஆடுவதில்லை. அவள் நிறமாக வருவாள். ஒரு கோப்பைத் தேநீரின் விளிம்பில், மற்றவர்கள் வீட்டுச் சுவரில், கண்ணாடிப் போத்தலில் இருக்கும் எண்ணெயில். வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். அதனால் அவர்களுடைய வீட்டில் மஞ்சள் பல்பு கிடையாது. எல்லா அறையிலும் வெள்ளைக் குழல்விளக்குகள். குசினியில் மஞ்சள்தூள் டப்பாவைத் திறக்கிற வேலையை அவள் கணவன் மஹ்மூத் ஒருநாள் தன் கையில் எடுத்துக்கொண்டான். டாண்டினோங்கில் இருந்த தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கை கழுவி, கறிக்குத் தூள் போட்டு, துழாவி, மூடிவிட்டுப் போவான். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அன்றைக்கும் தூள் போட்டு மூடிவிட்டு அவன் சொன்னான்: "சுரையா ராத்தா ஃபோன் எடுத்தவ. சனிக்கிழமை ரஹ்மான்ட புள்ளைக்கு முடி களையிறாங்களாம். அவட வீட்டில."

ரஹ்மான் அவனுடைய தம்பி. சுரையா இருவருக்கும் அக்கா, ஜலீலாவுக்கு மதினி.

"ம்."

"உனக்கு ஏலாட்டி நான் மட்டும் போயிட்டு வாறன்."

"ஏன் ஏலாது? வாறன்."

அவன் அவளைப் பார்த்தான். குழல்விளக்கு மெல்ல ரீங்கரித்தது. இருவரும் சாப்பிட்டார்கள்.

எட்டு வருசத்துக்கு முன்னால், இதே வீட்டின் முன்னறையில்தான் அவர்களுடைய மகள் ஹஸ்னாவுக்கு முடி களைந்தார்கள். ஏழாம் நாள். ஜன்னலோரமாகக் கதிரை போட்டு, சுரையா மதினி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஈரமான கறுப்பு முடி கொத்துக் கொத்தாக விழ விழ, உள்ளேயிருந்து ஒரு பொன் தலை வெளிவந்தது. கூடியிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். "யா அல்லாஹ், இஞ்ச பாருங்க! உம்மாட கறுப்பு எங்க போன? தங்கக் குடம்! புள்ளைக்கு நிறம் வந்திட்டு" என்று மதினி கூவினாள். குழந்தை கைக்குக் கை மாறியது. பிறந்த நாளிலிருந்து கறுப்பி என்று கூப்பிடப்பட்டு வளர்ந்த ஜலீலா, கட்டிலில் சாய்ந்தபடி, என் மகள் தப்பிவிட்டாள் என்று நினைத்தாள்.

அந்த நினைப்புதான் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. சாவு ஒரு கதவு, திறந்து மூடிவிடும். சந்தோஷம் அப்படி மூடுவதில்லை.

வீடு தேடி வந்த தாதிகூட, "லவ்லி கலர்" என்றுதான் சொன்னாள். குழந்தை அழவில்லை, பாலுக்குக் கேட்கவில்லை, நன்றாகத் தூங்கினாள். நல்ல பிள்ளை என்றார்கள். ஊரில் செங்கமாரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அது பெரியவர்களுக்கு வருவது, கண் மஞ்சளாகும், கீழாநெல்லி கொடுப்பார்கள். தங்கமாக ஜொலிக்கிற பச்சைக் குழந்தையைப் பார்த்து அந்தச் சொல்லை யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சொல்லை ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அந்தப் பொன் எல்லாம் மூளைக்குள் இறங்கிவிட்டிருந்தது.

சனிக்கிழமை சுரையா மதினியின் வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை. ரஹ்மானின் மகனுக்கு முடி களைந்து, பெயர் சொல்லி, சாப்பாடும் முடிந்திருந்தது. பெண்கள் முன்னறையில் பாயில் இருந்தார்கள். யாரோ குழந்தையை ஜலீலாவின் கையில் வைத்தார்கள். மறுக்க நேரமில்லாமல் வைத்துவிட்டார்கள்.

அவள் ஜன்னலுக்கு நடந்தாள். குழந்தையின் நெற்றியில் விரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் ஒரு நொடி வெளிறித் திரும்பியது. அந்த நொடியில் தெரிந்த நிறம் என்ன? மஞ்சளா? இந்தத் தோலின் இயல்பான பழுப்பா? இன்னொரு தரம் அழுத்தினாள்.

"என்ன புள்ள, தக்காளிப்பழமா அது, அமத்தி அமத்திப் பாக்கிறாய்?" என்றாள் சுரையா மதினி. பாயில் சிரிப்பு எழுந்தது.

"விடுங்க மதினி, பழமா காயா எண்டு பாக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

"காய் இல்லகா, பழுத்து வருகுது. வந்த அண்டைக்குக் கரிக்கட்டி போல இருந்தான். இப்ப பாருங்க! புள்ளைக்கு நிறம் வந்திட்டு."

சுரையா மதினி அதைச் சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளினாள். முகத்தில் ஒரு நிழலும் இல்லை. அவளுக்கு ஞாபகமில்லை. அந்த அறையில் யாருக்கும் ஞாபகமில்லை. வாசலில் நின்ற மஹ்மூத் மட்டும் திரும்பிப் பார்த்தான். ஜலீலாவின் கண்ணைச் சந்தித்தான். பிறகு வெளியே போய்விட்டான்.

"இரத்தம் பாத்தாங்களா?" என்று ஜலீலா கேட்டாள்.

"ஓம் மதினி, நேத்து நர்ஸ் வந்து குதிக்கால்ல குத்திப் பாத்தாங்க. ஒண்டும் இல்லையாம்" என்றாள் குழந்தையின் தாய், தலையணையில் சாய்ந்தபடி.

ஒன்றும் இல்லை. குழந்தை கொட்டாவி விட்டது. ஜலீலா அதைத் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். இத்தனை வருசமாக எங்கே கண்டாலும் தெரிந்துகொள்வேன் என்று அவள் நினைத்திருந்த நிறம் அது. இன்றைக்கு ஜன்னலில் அவள் கண்டது ஹஸ்னாவின் அதே நிறம்தான். இரத்தமோ இல்லை என்கிறது. அப்படியானால் அவள் கண் இன்று பொய் சொல்கிறது, அன்றும் பொய் சொன்னது. எல்லோருடைய கண்ணும் அப்படித்தான். மதினியினுடையது, தாதியினுடையது, தாயினுடையது. கண்ணால் ஆகாது என்றுதானே அந்தப் படத்தையே வரைகிறார்கள்.

திங்கட்கிழமை கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கணினியைப் போட்டாள். அந்த ஒரு வரியை எழுதினாள். நான்குக்குப் பதில் எட்டு. பிரின்டர் முன்னைவிட மெதுவாக, முனகி முனகித் தாளை வெளியே தள்ளியது. கீழ்ப்பகுதி முதலில் வந்தது. வெள்ளைக் குழந்தைகளின் அமைதியான மஞ்சள். மேல்பகுதி வரத் தொடங்கியதும், வலப்பக்கத்திலிருந்து தேன்நிறம் கசிந்து, ஒடுங்கி, இடப்பக்கம் நீண்டது.

வந்திட்டியா, என்று மனசுக்குள் கேட்டாள்.

தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். பார்க்க முடிந்தது. கண் எரிந்தது, ஆனால் பார்க்க முடிந்தது. பிரின்டரின் சூடு ஆறும் வரை அந்த நாக்கின் மேல் விரலை வைத்திருந்தாள்.

பத்து மணிக்குச் சேஷாத்ரி ஒரு பெரிய சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "ப்ரூஃப் வந்தாச்சு! பிரமாதமா இருக்கு." சுருளை விரித்தார். பதினாறு நிறங்கள், பட்டை பட்டையாக, பளபளவென்று. மேல்பகுதியில், நாக்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிர்மஞ்சள். "மூலையில உங்க இனிஷியல் வேணும். படம் வரைஞ்சவங்க போட்டாத்தான் அச்சு பிளேட் போடுவாங்களாம். ஆள் கீழ வண்டியில காத்துட்டிருக்கான்."

ஜலீலா தன் தாளை அந்தச் சுருளின் பக்கத்தில் வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டப் பார்த்தார். "அட, வந்துடுச்சே! எங்க இருந்தது தப்பு?"

"கோப்பில நாலு பிட் இருந்தது. எட்டாக்கினன்."

"நாலா? சே, எனக்குத் தோணவே இல்லையே. சபாஷ்." உண்மையாகவே மகிழ்ந்தார். பிறகு நிமிர்ந்து, கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "ஆனா ஜலீலா, கமிட்டி காலையிலேயே ப்ரூஃபைப் பார்த்தாச்சு, அவங்களுக்கு அந்தப் பதினாறுதான் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பேர் போடலாம். நர்ஸ் ஓடற ஓட்டத்துல நின்னு பார்க்க முடியுமா, இது தேனா, வெல்லமான்னு?"

"அந்த நாக்கு போயிடுதே."

"போனா போகட்டும்னு சொல்லல. அது எத்தனை குழந்தைங்க மேல நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு கைப்பிடி."

"ஓம். ஒரு கைப்பிடிதான்."

"கணக்குல அதுக்குப் பேரு இரைச்சல், தற்செயலா வந்து நிக்கிறது. அடுத்த பதிப்புக்குள்ள இன்னும் டேட்டா வந்துடும், அப்ப சேர்த்துக்கலாம். நான் கையடிச்சுத் தரேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கணக்கை அவளும் போட்டுப் பார்த்திருந்தாள். கைப்பிடிதான். ஏனென்றால் அப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்ணால் பார்த்து, நல்ல நிறம் என்று சொல்லி, இரத்தம் எடுக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சுவரில் இந்தப் பதினாறு பட்டைகள் தொங்கினால் இன்னும் அனுப்புவார்கள். பிறகு அடுத்த பதிப்புக்கு டேட்டா எங்கிருந்து வரும்?

இதை அவள் சொன்னாள். சேஷாத்ரி தாடையைத் தடவினார். "நியாயம்தான். ஆனா இன்னிக்கு அதை நிரூபிக்க முடியாதே? ஒரு மஞ்சள்ல இன்னொரு மஞ்சள் சேர்ந்துடுச்சு, அவ்வளவுதானே? இதுக்குப் போய்..."

அவருக்கு ஹஸ்னாவைத் தெரியாது. இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் போதும். சேஷாத்ரி இளகிவிடுவார், கண்கூடக் கலங்கலாம், அந்த இரக்கத்தில் கமிட்டியோடு சண்டைக்குப் போவார். ஆனால் அப்போது அந்த நாக்கு ஒரு தாயின் துக்கமாகிவிடும். பிறகு அதை யாரும் அளவு என்று பார்க்க மாட்டார்கள். அவளுக்கு ஹஸ்னாவை இந்த மேசையில் விரித்துக் காட்ட மனமில்லை. ஏழாம் நாளில் ஒருமுறை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தது போதும்.

சேஷாத்ரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பக்கமாக நீட்டினார்.

கை அதற்காக ஏங்கியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு எழுத்து போட்டால் அந்தத் தேன்நிறம் ஒரு சுவரிலும் வராது. எந்த வார்டுக் கதவைத் திறந்தாலும் அது அவளைப் பார்த்துக்கொண்டு நிற்காது. மற்றவர்கள் மறந்தது போல அவளும் மறந்துவிடலாம்; இயந்திரமே மறந்து காட்டியிருக்கிறதே. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியின் ஹார்னை ஒருதரம் அடித்தார்கள்.

"கூப்பிடறான்" என்றார் சேஷாத்ரி. "போட்டுடுங்க, ஜலீலா. சின்ன இனிஷியல்தானே."

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டாள். சுருளின் மேல், அவர் பக்கமாக வைத்தாள்.

"நான் போடல, சேஷாத்ரி."